சர்க்கரை நோயும் நம்ம வீட்டு அடுப்படியும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வீட்டில் சமைக்கிறவள், மாடு பார்க்கிறவள், மாசத்துக்கு ரெண்டு தடவை குழுக் கூட்டத்துக்கு வர்றவள். சர்க்கரை நோயைப் பற்றி நீ பேசு என்று தலைவி அக்கா சொன்னபோது, எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "உன் வீட்டில் மூணு வருஷமா நடந்ததைச் சொல்லு, அது போதும்" என்றார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். இடையில் டாக்டரும் நர்ஸ் அக்காவும் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதல்முதலாக ஆரம்பித்தது நம்ம மாவட்டத்தில்தான். நம்ம அம்மாக்கள் அன்னிக்கு சிறுகச் சிறுகச் சேமிச்சு, கந்து வட்டிக்காரன் கையிலிருந்து வீட்டை மீட்டாங்க. இன்னிக்கு வேற ஒருத்தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வட்டி வாங்குறான். அவன் பேருதான் சர்க்கரை நோய்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் குழுவின் கடன் பதிவேட்டைப் போன மாசம் புரட்டிப் பார்த்தோம். ஒரு வருஷத்தில் உள்கடன் கொடுத்தது 14 பேருக்கு. அதில் 5 கடன் மருத்துவச் செலவு என்று எழுதியிருந்தது. அந்த அஞ்சில் மூணு, சர்க்கரையால வந்த செலவு. ஒருத்தருக்குக் கண், ஒருத்தருக்குக் கால் புண், ஒருத்தருக்குக் கிட்னி. கறவை மாடு வாங்கவும், பிள்ளை படிப்புக்கும் போக வேண்டிய பணம் அது. உங்கள் குழுப் பதிவேட்டையும் ஒருமுறை இந்தக் கண்ணோட எடுத்துப் பாருங்க.

அதில் ஒரு கடன் எங்கள் வீட்டுக் கடன். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்காக வாங்கினது. அத்தைக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. புளி உடைக்கிற வேலைக்குப் போவார். மூணு வருஷத்துக்கு முன்னாடி பங்குனி மாசம், புளி காய வைக்கிற சிமெண்டுக் களத்தில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நின்று புளியைத் தள்ளியிருக்கிறார். நமக்கெல்லாம் அந்தச் சூட்டில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. அவருக்குச் சுடவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தால் பெருவிரல் கீழே கொப்புளம். வலி இல்லாததால் அவரும் பெரிசா எடுத்துக்கலை, யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. பத்து நாளில் சீழ் வைத்து, கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் வைத்தியத்துக்குப் பணம் வாங்கவில்லை. ஆனா பஸ் செலவு, கூட இருந்தவங்களுக்குச் சாப்பாடு, என் வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசம் கூலி போனது, எல்லாம் சேர்த்து குழுவில் இருபதாயிரம் கடன் வாங்கினோம். கட்டி முடிக்க பத்து மாசம் ஆச்சு.

சுடலை, வலிக்கலை என்பது நல்ல செய்தி இல்லை அக்கா. சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தால் காலில் இருக்கிற நரம்பு செத்துப் போகுது. வலி என்பது உடம்பு நமக்குக் கொடுக்கிற எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையே இல்லாமல் போவதுதான் இந்த நோயின் ஆபத்து.

சர்க்கரை நோய் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நாம சாப்பிடுற சோறு, களி, இட்லி எல்லாமே வயித்துக்குள்ள போய்ச் சர்க்கரையா மாறித்தான் ரத்தத்தில் கலக்குது. அந்தச் சர்க்கரை உடம்புக்குள்ள ஒவ்வொரு இடத்துக்கும் போய் பலமாக மாறணும்னா இன்சுலின் வேணும். அதை வயித்துக்குப் பின்னால இருக்கிற கணையம் சுரக்குது. இன்சுலின் குறைஞ்சாலும், இருக்கிற இன்சுலின் சரியா வேலை செய்யாட்டியும், சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி நிற்கும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகும். பரம்பரையும் ஒரு காரணம். அதனால் இனிப்பே தொடாதவங்களுக்கும் சர்க்கரை வரும். "நான் சீனியே சாப்பிட மாட்டேன், எனக்கு எப்படி வரும்" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெறும் வயிற்றில் எடுக்கிற ரத்தத்தில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ம் அதுக்கு மேலேயும் இருந்தால் சர்க்கரை நோய். அதையும் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் உறுதி செய்வார். நடுவில் 100-லிருந்து 125 வரைக்கும் இருக்கிறதுதான் வரப்பு. இன்னும் நோய் ஆகலை, ஆனா பக்கத்தில் வந்து நிற்குது. மூணு மாசச் சராசரியைச் சொல்கிற ஒரு பரிசோதனையும் இருக்கிறது. எச்பிஏ1சி என்று சொல்வார்கள். அது 5.7-க்குக் கீழே நல்லது, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. நம்ம நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. வரப்பில் நிற்கிறவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம். அதாவது நோயாளிகளை விட வரப்பில் நிற்கிறவங்கதான் அதிகம்.

அந்த வரப்பில் நானும் நிற்கிறேன்.

என் ரெண்டாவது பிரசவத்தின்போது 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைச்சுக் குடிக்கக் கொடுத்து, ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தாங்க. 140-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 168 இருந்தது. கர்ப்ப காலச் சர்க்கரை என்றார்கள். இப்படி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுலபமாகப் பார்க்கிற முறை வரக் காரணமாக இருந்தவர் நம்ம சென்னை டாக்டர் வி. சேஷய்யா. பிரசவம் ஆனதும் எனக்கு சர்க்கரை இறங்கிவிட்டது. ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம், வருஷா வருஷம் பார்த்துக்கணும் என்று நர்ஸ் அக்கா சொல்லி அனுப்பினார்கள். அத்தைக்கு விரல் எடுத்த அந்த வருஷம் எடுத்துப் பார்த்தபோது எனக்கு வெறும் வயிற்றில் 112. எடை 64 கிலோ. அத்தை கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார், என் கையில் இந்தச் சீட்டு. என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயசு. அவள் கல்யாணத்துக்குள்ள என் கால், என் கண், என் கிட்னி எல்லாம் என்ன ஆகும் என்று ஒரு பயம் வந்தது.

அந்தப் பயத்தோடு டாக்டரிடம் கேட்டேன். அவர் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொன்னார். என்னை மாதிரி வரப்பில் நின்றவர்களை மூணு வருஷம் கவனித்தார்கள். பெரிதாக ஆலோசனை எதுவும் கொடுக்காமல் விட்டவர்களில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகிவிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து கவனித்தவர்களில் 100-க்கு 39 பேர்தான் ஆனார்கள். எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை, அது உண்மைதான். ஆனா நூத்துக்குப் பதினாறு பேர் தப்பிச்சிருக்காங்களே, அதில் நான் ஏன் ஒருத்தியா இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இனிமேல் எங்கள் அடுப்படிக்கு வருகிறேன்.

மொதல்ல எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அத்தைக்கு மட்டும் தனியாக ரெண்டு சப்பாத்தி. மற்றவர்களுக்குச் சோறு, குழம்பு, அப்பளம். அத்தை சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே எங்கள் தட்டைப் பார்ப்பார். "நான் என்ன பாவம் பண்ணேன், எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை" என்று ஒருநாள் அழுதுவிட்டார். யாரும் இல்லாத நேரத்தில் பானையில் கையை விடுவார். எனக்கும் ரெண்டு சமையல் செய்து இடுப்பு ஒடிந்தது.

அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தோம். இனி வீட்டில் தனிச் சமையல் கிடையாது. சர்க்கரைக்காரருக்கு எது நல்லதோ, அது சர்க்கரை இல்லாதவருக்கும் நல்லதுதான். பானை ஒண்ணு, குழம்பு ஒண்ணு, பொரியல் ஒண்ணு. கரண்டிக் கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் வேற. என் வீட்டுக்காரர் மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "சோறு இல்லாம எப்படி வேலை செய்யறது" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு மூணு கரண்டி, வளர்கிற பிள்ளைகளுக்கு அவங்க பசிக்கு ஏத்த மாதிரி, எனக்கும் அத்தைக்கும் ஒவ்வொரு கரண்டி. ஆனா தொட்டுக்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரி, நிறைய.

தட்டு வைக்கிற கணக்கு சுலபம். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், இதில் ஏதாவது ஒன்று. மிச்சம் கால் பங்குதான் சோறோ களியோ. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட ஆரம்பித்து, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது.

"இதுக்கெல்லாம் காசு வேணுமே" என்று சில அக்காமார் நினைக்கிறது எனக்குக் கேட்குது. ரேஷன் கார்டுக்குள் அடங்காத யோசனை நமக்கு உதவாது. நமக்கு ரேஷனில் அரிசி கிடைக்குது, துவரம்பருப்பு கிடைக்குது. வேலியில் முருங்கை இருக்கு. கொல்லையில் தண்டுக்கீரை போட்டால் ஒரு மாசத்துக்குள் பறிக்கலாம். மானாவாரியில் கொள்ளும், அவரையும், துவரையும் நம்ம மண்ணில் விளையுது. கொள்ளுக் கடைசல், கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு இதெல்லாம் நம்ம பாட்டிமார் சமையல்தான். எதையும் கடையில் டப்பாவில் வாங்க வேண்டியதில்லை. சர்க்கரைக்காரர் சாப்பிடலாம் என்று எழுதி விற்கிற பிஸ்கட்டும் மாவுதான், அதுக்கு நம்ம சுண்டல் எவ்வளவோ மேல்.

நம்ம பக்கத்து ஆட்களுக்குக் களி பற்றி ஒரு வார்த்தை சொல்லணும். "ராகி சாப்பிட்டால் சர்க்கரை வராது" என்று ரெண்டு உருண்டை, மூணு உருண்டை சாப்பிடுகிறோம். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய இருக்கு, நல்ல தானியம்தான். ஆனா அதிலும் மாவுச்சத்து அரிசியை ஒட்டித்தான் இருக்கு. ஒரு சின்ன உருண்டையும், கூடவே நிறைய கீரையும் என்றால் நல்லது. சாமை, வரகு, கம்பு எல்லாத்துக்கும் இதே அளவுதான். அதே மாதிரி வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்துக்குள்ள போனால் சர்க்கரைதான். சீனியை விட்டுட்டேன், கருப்பட்டிக் காபி குடிக்கிறேன் என்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

அடுத்தது டீ. இதை நான் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சீனி. ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம். நாளுக்கு நாலு டீ என்றால் 40 கிராம். முப்பது நாளைக்கு 1,200 கிராம். அதாவது ஒரு ஆள், டீயில் மட்டும் மாசம் ஒன்றேகால் கிலோவை ஒட்டிச் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நான் ஒரே நாளில் நிறுத்தலை. ரெண்டு ஸ்பூனை ஒன்றரை ஆக்கினேன், ரெண்டு வாரம் கழித்து ஒன்று, அப்புறம் அரை. நாலு டீயை ரெண்டாக்கினேன். இப்போ கல்யாண வீட்டு டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி திகட்டுது.

ராத்திரிச் சாப்பாட்டு விஷயத்தில் நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாருக்கும் போட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி, ஒன்பதரை பத்து மணிக்குத்தான் உட்காருவோம். அப்போ குழம்பும் காயும் தீர்ந்திருக்கும், சோறு மட்டும் மிச்சம் இருக்கும். "வீணாப் போகுதே" என்று அந்த வெறும் சோற்றை ரசத்தையோ மோரையோ ஊற்றி, ரெண்டு ஆள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுவோம். வீட்டில் எல்லாரையும் விட மோசமான சாப்பாடு, சமைக்கிற நமக்குத்தான். எங்கள் வீட்டில் இதையும் மாற்றினோம். எட்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம். பானையையும் குழம்பையும் நடுவில் வைத்துக்கொண்டு அவரவர் போட்டுக்கொள்கிறார்கள். காயில் என் பங்கு முதலிலேயே எடுத்து வைக்கப்படுகிறது. மிஞ்சின சோறு தண்ணி ஊற்றி வைக்கப்படும், இல்லாட்டி மாட்டுக்குப் போகும். என் வயிறு குப்பைத்தொட்டி இல்லை.

மாம்பழக் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்ம ஊர்க்காரி என்று யாரும் ஒத்துக்க மாட்டீங்க. சர்க்கரைக்காரர் மாம்பழமே தொடக்கூடாது என்று இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் சின்னதா ரெண்டு துண்டு, சாப்பாட்டோடு சேர்க்காமல், ஜூஸ் போடாமல் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அன்னிக்கு சோறு அரைக் கரண்டி குறையணும். கொய்யாக்காய் நமக்கு இன்னும் நல்லது.

அடுத்து நடை. "நாள் முழுக்க வேலை செய்யறோம், தனியா எதுக்கு நடக்கணும்" என்பார்கள். முன்னே அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, தலையில் தண்ணிக்குடம் இருந்தது. இப்போ மிக்ஸி, கிரைண்டர், வாசலில் குழாய் வந்தாச்சு. அவை வந்தது நல்லதுதான், திரும்பப் போகச் சொல்லவில்லை. ஆனா புளி உடைக்கிறதும், தையல் தைக்கிறதும், பீடி சுற்றுறதும் உட்கார்ந்த வேலை. கை வலிக்குது, கால் அசையலை. வாரத்தில் அஞ்சு நாள், நாளுக்கு அரை மணி நேரம், பேசலாம் ஆனா பாட முடியாது என்கிற அளவுக்கு வேகமாக நடக்கணும். எங்கள் தெருவில் ஆறு பேர் சேர்ந்து காலையில் ஏரிக்கரை வரைக்கும் போய் வருகிறோம். முதல் வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேலி பேசினாங்க. இப்போ அவங்க வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேர் எங்களோடு வர்றாங்க. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் வாசலில் பத்து நிமிஷம் நடந்தாலும் சர்க்கரை இறங்கும்.

ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். தையல் டேப்பைத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வைத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்க. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருந்தால் நல்லது.

இப்போ மாத்திரை. இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாப்பாடும் நடையும் மாத்திரைக்குப் பதில் இல்லை. பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ எல்லாம் சாப்பிடலாம், ஆனா அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. சர்க்கரை இறங்கியிருப்பதே மாத்திரையாலதான். "நல்லா ஆயிடுச்சு" என்று நிறுத்தினால் மறுபடி ஏறும். இன்சுலின் ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். 1921-ல் கனடா நாட்டில் பான்டிங், பெஸ்ட் என்ற ரெண்டு பேர் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் சாகக் கிடந்த 14 வயசுப் பையனுக்கு அதைப் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அதுக்கு முன்னாடி அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பிழைக்க வழியே இல்லை. பான்டிங் பிறந்த நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு தினமா வச்சிருக்காங்க. உயிர் காக்க வந்த மருந்தை எமன் மாதிரி பார்க்க வேண்டாம்.

சர்க்கரை ஏறினால் மட்டும் இல்லை, இறங்கினாலும் ஆபத்து. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் திடீரென்று வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், கண் இருட்டும். அப்போ யோசிக்காமல் மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைச்சுக் கொடுங்க. கால் மணி நேரத்தில் சரியாகலைன்னா மறுபடி கொடுங்க, அப்புறம் ஏதாவது சாப்பிட வைங்க. மயங்கி விழுந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாமல் உடனே 108-க்குக் கூப்பிடுங்க. ஆடி மாசம் கூழ் ஊற்றும் வரை பட்டினி, வெள்ளிக்கிழமை விரதம் என்று இருக்கிறவங்க முன்கூட்டியே டாக்டரிடம் கேட்கணும். சாப்பாட்டைக் குறைக்கப் போறோம், நடக்கப் போறோம் என்பதையும் அவரிடம் சொல்லணும். மாத்திரை அளவை அவர்தான் மாற்றுவார்.

காலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இப்போ தினமும் ராத்திரி என் பெண் பாட்டியின் காலைப் பார்க்கிறாள். விரல் இடுக்கு, பாதத்து அடி, குதிகால் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பாள். கொப்புளம், வெடிப்பு, நிற மாற்றம் ஏதாவது இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி. வீட்டுக்குள்ளேயும் செருப்பு. சர்க்கரைக்காரர்களுக்கு என்றே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இருக்கு, அத்தை அதைத்தான் போடுகிறார். கால் மரத்துப் போனவங்க சுடுதண்ணியில் காலை வைக்கக் கூடாது, ஆணியை பிளேடால் அறுக்கக் கூடாது, நகத்தை நேராக வெட்டணும். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணையும், சிறுநீரையும் பரிசோதிக்கணும். கண்ணில் பார்வை மங்கின பிறகு போனால் பாதி போயிருக்கும்.

பலன் என்ன என்று கேட்பீங்க. அத்தையின் சர்க்கரை முழுசாக இறங்கவில்லை. எச்பிஏ1சி 10-க்கு மேல இருந்தது, இப்போ 7.4. மாத்திரையும் தொடருது. ஆனா இந்த மூணு வருஷத்தில் புதுசா ஒரு புண் வரவில்லை. எனக்கு 112 இருந்தது 104 ஆகி, போன மாசம் 98. எடை 59. நான் தப்பிச்சுட்டேன் என்று சொல்ல மாட்டேன். வரப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கிறேன், அவ்வளவுதான். வருஷா வருஷம் பார்த்துக்கொண்டேதான் இருக்கணும்.

கடைசியாக நம்மைப் பற்றி. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர்கள் நம்ம மாதிரி மகளிர் குழுவிலிருந்து போனவங்கதான். அவங்க வாசலுக்கு வரும்போது நாம என்ன செய்யறோம்? மாமியாரை உட்கார வைப்போம், வீட்டுக்காரரைக் கூப்பிடுவோம். "உங்களுக்கும் பார்க்கட்டுமா" என்று கேட்டால், "எனக்கென்ன, அடுப்பில் பால் இருக்கு, அடுத்த தடவை பார்க்கலாம்" என்போம். அடுத்த தடவை வராமலே போகுது. நம்ம குழுவில் யாராவது தவணை கட்டலைன்னா வீடு தேடிப் போய்க் கேட்கிறோம். அதே மாதிரி, "சர்க்கரை பார்த்தியா அக்கா" என்றும் கேட்க வேண்டாமா?

அதனால் இந்தக் கூட்டமைப்பு முன்னாடி மூணு கோரிக்கை வைக்கிறேன். நல்லது என்று பட்டால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க.

ஒன்று, 30 வயது தாண்டின எல்லா உறுப்பினரும் வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரையும் பிரஷரும் பார்க்கணும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவங்க வயசைப் பார்க்காமல் பார்க்கணும். பார்த்தாச்சா, இல்லையா என்பதை மட்டும் ஊக்குநர் குறித்து வைக்கட்டும். அளவு எவ்வளவு என்று சபையில் கேட்க வேண்டாம், அது அவங்கவங்க சொந்த விஷயம்.

ரெண்டு, குழுக் கூட்டத்தில் சீனி போட்ட டீயும் கிரீம் பிஸ்கட்டும் வேண்டாம். கொள்ளோ, தட்டைப்பயறோ, மூக்கடலையோ சுண்டல் செய்து, மோரோடு கொடுக்கலாம். எங்கள் குழுவில் ஏழு மாசமாக அப்படித்தான். செலவு கூடவில்லை.

மூணு, காலில் புண் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகக் காசு இல்லாமல் யாரும் நாள் கடத்தக் கூடாது. அவசரத்துக்கு அன்னிக்கே கொடுக்கிற மாதிரி ஒரு சின்னத் தொகையை ஒவ்வொரு குழுவும் தனியா ஒதுக்கி வைக்கணும். இன்னிக்கு முந்நூறு ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுத்தால், நாளைக்கு இருபதாயிரம் கடன் கொடுக்க வேண்டியிருக்காது.

நோயை ஒரே நாளில் விரட்ட முடியாது. ஆனா இன்னிக்கு ராத்திரி பானையை இறக்கும்போது உங்க தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ரெண்டு கரண்டி கீரையைக் கூட்டிப் போட முடியும். எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியும். அதுக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.